மருமகனைப் பற்றி, குவைத்தில் இருக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை மனசு வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, நான் அவன்கிட்ட பேசிக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். நீ அவனிடம் பேசுவதுதான் எனக்குப் பயம். அதனால் இதை எழுதி, அங்கே வருகிற நம் தெருப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் மகன், என் மருமகன், பிளஸ் டூவில் பிசிக்ஸில் பெயிலாகிவிட்டான் என்பது உனக்குத் தெரியும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை என்பது தெரியாது. உயிரையே வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். "நான் இல்லாட்டி அப்பாவுக்கு ஒரு செலவு மிச்சம் அத்தை" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நேராகவே கேட்டேன்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா உனக்கு?"

உன் வீட்டுக்காரி பதறிப்போய் என் கையைப் பிடித்தாள், கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமாம். அப்படி வராது தம்பி. கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று மனநல மருத்துவர்கள் எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே வைத்துக்கொண்டு தவிப்பவனுக்கு, இதை வாய்விட்டுச் சொல்லலாம் என்று தைரியம்தான் வருகிறது. அவன் அழுதான். அப்புறம் வெகுநேரம் பேசினான். என்ன பேசினான் என்று உனக்கு எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லச் சொன்னான்: உன் போன் வந்தாலே அவனுக்கு வயிற்றைக் கலக்குகிறதாம்.

கோபப்படாதே. அந்த வெயிலில் நீ படுகிற பாடு எனக்குத் தெரியாதா? ஆனால் எடுத்ததும் மார்க்கு, அடுத்து எதிர்வீட்டுப் பையனின் மார்க்கு, முடிக்கும்போது "உனக்காகத்தான்டா இங்க கிடக்கேன்". பதினேழு வயசுப் பிள்ளை இதை எத்தனை நாள் சுமப்பான் சொல்லு.

மே மாதத்தில் ஊர் எப்படி இருக்கும் என்பதையும் நீ மறந்திருப்பாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஆம்பளைகள் வீட்டில், கையில் காசில்லை, கடன் கொடுத்தவன் வாசலில். எந்த வீட்டிலும் ஒரு நல்ல வார்த்தை மிச்சமில்லாத இந்த மாதத்தில்தான் ரிசல்ட்டும் வந்து விழுகிறது.

2022-இல் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்கிறது. ஒரு நாளைக்கு 35 பிள்ளைகளுக்கு மேல். எல்லாம் பரீட்சையால்தான் என்று நினைக்காதே. எல்லா வயதினரையும் சேர்த்து அந்த ஆண்டு பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினைதான் முதலிடம், தேர்வுத் தோல்வி நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். போலீஸ் ஒரு காரணம் என்று எழுதினாலும், அதற்குப் பின்னால் நாலைந்து கிடக்கும்.

தனுஷ்கோடிக்கு எதிரே இருக்கிற இலங்கையைப் பார். 1995 வாக்கில் உலகத்திலேயே தற்கொலை மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது வருஷத்தில் தற்கொலை வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. அங்கே உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே இறங்க ஆரம்பித்தது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. சனங்களின் கஷ்டம் தீர்ந்தா குறைந்தது? இல்லையே. அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் எதுவும் இல்லாமல், பக்கத்தில் ஒரு ஆள் இருந்துவிட்டால் கடந்துவிடுகிறார்கள். அப்படித் தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. அதனால் நானும் உன் வீட்டுக்காரியும் வீடு முழுக்கப் பார்த்து, இருக்கக்கூடாததையெல்லாம் எடுத்து என் வீட்டுப் பீரோவில் பூட்டிவிட்டோம். ராத்திரியில் யாராவது ஒருவர் அவன் பக்கத்தில் படுக்கிறோம்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் காட்டியாயிற்று. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று உன் மாமியார் புலம்பினார். எண்ணம் வந்ததற்கெல்லாம் எந்தக் காலத்திலும் கேஸ் கிடையாது. முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. உன் வீட்டுக்காரி ஏர்வாடி தர்காவுக்குப் போய் ஓதிவிட்டு வரலாம் என்கிறாள். தாராளமாகப் போகட்டும், நானும் வருகிறேன். ஆனால் 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் கருகிப்போனதை நாம் மறந்துவிடவில்லை. மருந்தும் வேண்டும், துவாவும் வேண்டும்.

பேக்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாகக் கூட்டிவருகிறார்கள். கனவு காண் என்று சொல்லி அனுப்புகிறார்கள். டேராடூனில் விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேர் தேவைப்பட்ட இடத்தில் அவர் ஒன்பதாவதாக வந்ததை யாராவது சொல்கிறார்களா? மனமுடைந்து ரிஷிகேசம் போய் சிவானந்த சுவாமிகளிடம் தன் துக்கத்தைச் சொன்னார். அப்படிப் போய் ஒருவரிடம் சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. மருமகனுக்கும் இதைச் சொன்னேன். "அவரு கலாம் அத்தை" என்றான். பதில் சொல்ல முடியவில்லை, சிரிப்புதான் வந்தது. அவனும் சிரித்தான்.

14416, 104 என்ற உதவி எண்கள் இரண்டையும் அவன் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண்ணும் இருக்கிறது, 044-24640050. எங்களிடம் சொல்லமுடியாததை முகம் தெரியாதவரிடம் சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அன்றைக்குக் கூப்பிடு. மார்க்கு, டியூஷன், கடன் மூன்றும் வாயில் வரக்கூடாது. பாம்பன் புதுப் பாலத்தின் ஒரு பகுதி அப்படியே மேலே ஏறுவதை அவன் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான், அதை அனுப்பச் சொல். எப்படி ஏறுகிறது என்று கேள், நன்றாக விளக்குவான். அவன் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, போனை வைத்துவிடாதே.

துணைத்தேர்வுக்கு நான் பணம் கட்டிவிட்டேன், நீ அனுப்பவேண்டாம். எழுதுவதும் எழுதாததும் அப்போது அவன் உடம்பும் மனசும் இருக்கிறதைப் பார்த்து முடிவு செய்வோம். உனக்கும் அங்கே தூக்கம் வருவதில்லை என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். என்ன விஷயம் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா