தணிக்கை செய்யும் கட்டி

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்குச் செய்தி வராத இடங்களே அச்சமூட்டுவன. தணிக்கைக் காலங்களில் பத்திரிகைப் பத்திகள் வெறுமையாக வெளிவந்ததை எமது தலைமுறை கண்டது. மெலனோமா எனும் தோற் புற்றுநோய் பற்றி அண்மையில் வாசித்தபோது, உடலுக்குள்ளும் அத்தகைய தணிக்கை நிகழ்வதை அறிந்தேன்.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி காட்டர், இந்நோய் தமது மூளைக்குப் பரவிவிட்டதாக 2015 ஓகஸ்ட்டில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 90. சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றுடன் பெம்ப்ரொலிசுமாப் என்ற மருந்தும் வழங்கப்பட்டது. டிசெம்பரில் மூளையில் புற்றின் அடையாளமே இல்லை என்றார். 2024 டிசெம்பரில், தமது நூறாவது வயதில் காலமானார்.

இம்மருந்து புற்றை நேரடியாகக் கொல்வதில்லை. நோயெதிர்ப்புப் படையினரான ரி கலங்களில் பிறேக் போலச் செயற்படும் பிடி-1 என்ற புரதத்தைத் தடுத்து, அவற்றைப் போரிட விடுகிறது. இத்தகைய தடைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும், முற்றிய மெலனோமா நோயாளர் 945 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இவ்வகை மருந்துகள் இரண்டை ஒருங்கே பெற்றவர்களிலும் பத்தாண்டுகளின் பின் உயிர்வாழ்ந்தோர் 43 வீதத்தினரே. மற்றவர்களுக்கு ஏன் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை?

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டெபானி ஸ்பிராங்கரும் தோமஸ் கஜெவ்ஸ்கியும் 2015இல் ஒரு விடையை முன்வைத்தனர். சில கட்டிகளில் பீற்றா-கற்றெனின் என்ற சமிக்ஞைப் பாதை ஓயாது இயங்குகிறது. அதனால் சிசிஎல்4 எனும் அழைப்புப் பொருளின் சுரப்புக் குறைகிறது. அவ்வழைப்பைக் கேட்டு வரவேண்டியவை டென்ட்ரிற்றிக் கலங்கள். அவற்றை உடலின் நிருபர்கள் எனலாம். கட்டியின் துணுக்குகளை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று ரி கலங்களுக்குக் காட்டுவது அவற்றின் பணி. நிருபர் வராவிடின் செய்தி இல்லை. செய்தி இல்லையேல் படையும் இல்லை. களத்துக்கே வராத படையின் பிறேக்கை விடுவித்து என்ன பயன்? எலிகளில் இதனைக் காட்டிய அவர்கள், ரி கலங்கள் நுழையாத மனித மெலனோமாக்களில் ஏறத்தாழ அரைவாசியிலும் அதே பாதை விழித்திருப்பதைக் கண்டனர்.

மருந்து பலிக்காதபோது, "உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை" என்று நோயாளியின் காதுபடவே சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். அவரும் தம்மையே நொந்துகொள்வார். இனியேனும் அதனைத் தவிர்ப்போம். பல வேளைகளில் அந்தப் படை வலுவிழந்ததன்று; அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.