எந்த ஈயம், எந்தக் களிம்பு?

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் "சால்டர் ஒரு ரோல் குடுங்க"ன்னு மொட்டையா கேட்டா, கடைக்காரர் கைக்கு எட்டுறதை எடுத்துக் கொடுத்துடுவார். அவர் மேல தப்பில்லை. நாமதான் கேக்கத் தெரிஞ்சு கேக்கணும்.

நம்ம ஊர்ல வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். சாதாரண சால்டர் கம்பியில ரெண்டும் கலந்திருக்கும். தனியா உருக்கினா வெள்ளீயத்துக்கு 232 டிகிரி வேணும், காரீயத்துக்கு 327. ஆனா 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்னு சேர்த்தா 183 டிகிரியிலேயே உருகிடும். ஆறும்போதும் அதே 183ல சட்டுனு இறுகிடும். கடைகள்ல பரவலா கிடைக்கிற 60/40 அப்படியில்லை. 190க்கும் 183க்கும் நடுவுல கொஞ்ச நேரம் கூழா நிக்கும். அந்த நேரம் பார்த்து கை ஆடிச்சுன்னா இணைப்பு சொரசொரப்பா, அரைகுறையா போயிடும். புதுசா கத்துக்கறவங்களுக்கு கை ஆடாமலா இருக்கும்? அதனால என் ஓட்டு 63/37க்கு. 22 கேஜ், அதாவது சுமார் 0.7 மி.மீ. கனம், நடுவுல ரோசின் வெச்சது.

அடுத்து ஃப்ளக்ஸ். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவர் நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால தேய்ப்பாரே, பார்த்திருக்கீங்களா? உலோகத்து மேல படிஞ்சிருக்கிற ஆக்சைடு போனாதான் ஈயம் ஒட்டும். ஃப்ளக்ஸ் செய்யறதும் அதே வேலைதான். ஆனா பாத்திரத்தைத் தேய்ச்சுக் கழுவிடலாம், சர்க்யூட் போர்டை அப்படிக் கழுவ முடியாது. பெசன்ட் நகர்ல ஒரு நண்பர் வீட்டுத் தண்ணித் தொட்டி அலாரத்துக்கு யாரோ துத்தநாகக் குளோரைடு பேஸ்ட் போட்டு ரிப்பேர் பண்ணியிருந்தாங்க. கடல் காத்து ஈரம் வேற. ரெண்டு மழைக்காலம் தாங்கலை. பிரிச்சுப் பார்த்தா செம்பு பூரா பச்சைக் களிம்பு. களிம்பைப் போட்டுக் களிம்பை வாங்கின கதை :-)

ரோசின் பைன் மரத்துப் பிசின். மார்கழி சீசன்ல சபா மேடையில வயலின் வில்லுக்குத் தேய்ப்பாங்களே, அதே சமாச்சாரம். சூட்டுல மட்டும் வேலை செய்யும், ஆறினா சாதுவா உறைஞ்சுடும். போர்டுக்கு அதுதான் லாயக்கு.

"காரீயம் விஷமாச்சே?" நியாயமான கேள்வி. ஐரோப்பாவுல 2006 ஜூலையிலிருந்து பெரும்பாலான மின்னணுச் சாதனங்கள்ல அதுக்குத் தடை. இங்கேயும் 2014 மே மாசத்துலேருந்து கட்டுப்பாடு உண்டு. காரீயமில்லாத சால்டர்ல வெள்ளியும் செம்பும் கொஞ்சம் கலந்திருக்கும், உருக 217 டிகிரிக்கு மேல வேணும். சாதா 25 வாட் அயர்ன் திணறும். ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சா போர்டுல செம்புத் தடம் உரிஞ்சு வந்துடும். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ஸ்டேஷன் வெச்சிருக்கீங்க, வீட்டுல தவழற குழந்தையும் இருக்குன்னா, யோசிக்காம இதையே வாங்குங்க.

மேல வர்ற புகை காரீயம் இல்லை, ரோசின். அதுக்காக மூக்கை நீட்டாதீங்க, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். காரீயம் உள்ளே போற வழி கையும் வாயும்தான். கம்பியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு வேலை செய்யறவங்களை நிறைய பார்த்திருக்கேன், பார்க்கும்போதே பகீர்ங்கும். முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். சாப்பாட்டு மேசையில இந்த வேலையே வேண்டாம்.

இன்னொண்ணு. சால்டர் வேலை தெரியும்னா, ஓட்டைப் பாத்திரத்தை அடைச்சுக் கொடுன்னு வீட்டுல நீட்டுவாங்க. முடியாதுன்னு சொல்லிடுங்க. "ஏன், ஈயச்சொம்புல ரசம் வைக்கலையா?"ன்னு எங்கம்மா மடக்கினாங்க. அது வெள்ளீயம்மா, இதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா காரீயம்னு விளக்கினேன். பாத்திரம் இப்போ துளசிச் செடிக்குத் தொட்டி.