குரலும் எலி பாஷாணமும்

குரல் கம்மினால் யாரும் தொண்டையைத்தான் சந்தேகிப்பார்கள். இருதயத்தைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? ஆனால் இடது குரல் நாணை அசைக்கும் நரம்பின் போக்கே விசித்திரமானது. அது மூளையிலிருந்து நேரே தொண்டைக்கு வருவதில்லை. மார்புக்குள் இறங்கி, பெருநாடியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மேலேறுகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்! இருதயத்தின் ஈரிதழ் வால்வு குறுகிவிட்டால் இடது மேலறை பெருத்து, பக்கத்து நாளத்தை மேலே தள்ளுகிறது. இடையில் அகப்பட்ட நரம்பு நசுங்கிக் குரல் நாண் அசைவற்றுப் போகிறது. 1897-ல் வியன்னா வைத்தியர் ஆர்ட்னர் இதை முதலில் எடுத்துரைத்தார்.

நம்முடன் பணிபுரியும் உபாத்தியாயர் ஒருவருக்குச் சென்ற வருஷம் இதுவே நேர்ந்தது. சிறு வயதில் கண்ட வாதக் காய்ச்சலின் மிச்சம். நாடியும் ஒழுங்கு தவறி ஓடிற்று. பெருத்த அறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தத் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். ஆகவே வார்பரின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "இது எலி பாஷாணமாயிற்றே, அப்பா!" என்றான் அவருடைய புதல்வன். தாயார் மாத்திரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்!

பையன் சொன்னது பொய்யல்ல. 1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸினில் ஒரு குடியானவர், கடும் பனிப்புயலில், செத்த கிடேரியையும், பால் பாத்திரத்தில் உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன குளோவர் தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு சர்வகலாசாலையை நாடி வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற ரஸாயன நிபுணரின் கூடத்தில், ரத்தத்தை உறையவிடாத பொருளை அந்தத் தீவனத்திலிருந்து 1939-ல் பிரித்தெடுத்தார்கள். அதன் வழிவந்த வார்பரின் 1948-ல் எலிகளுக்கு விஷமாயிற்று. 1954-ல் மனிதருக்கு மருந்தாயிற்று. மறு வருஷம் மாரடைப்புக் கண்ட ஜனாதிபதி ஐஸனோவருக்கும் அதையே கொடுத்தார்கள். இதை விளக்கிச் சொன்ன பிறகே பெட்டி திறந்தது.

'ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து' என்கிறோம். உண்மையில் ரத்தம் நீர்ப்பதில்லை. உறையும் சக்திதான் குறைகிறது. அளவு மிஞ்சினால் ரத்தம் கசியும், குறைந்தால் பயனில்லை. ஆதலால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். அந்தத் தொல்லை இல்லாத புது மாத்திரைகள் உண்டே என்று அம்மையார் கேட்டது நியாயம்தான். ஆனால் இதே நோயும் நாடிக் கோளாறும் உள்ள 4,500-க்கு மேற்பட்டவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ரிவரோக்ஸாபான் என்ற புது மருந்தைவிட வார்பரின் வகை மருந்து உட்கொண்டவர்களிடையேதான் மரணம் குறைவாயிருந்தது.

கீரையில் உள்ள 'கே' வைட்டமின் இம்மருந்துக்கு எதிரி. அதற்காகக் கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. இன்று ஒரு கட்டு, நாளை ஒன்றுமில்லை என்றிராமல், ஒரே அளவாய்ச் சாப்பிட்டு வந்தால் போதும்.