ஒலியும் வெப்பமும்

ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்னாற்றல் முழுவதும் ஒலியாகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை வேறு. வண்டிகளில் பொருத்தும் சப்வூஃபரில் நூற்றுக்கு ஓரிரு பங்கே ஒலியாகிறது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமே.

என் அண்ணன் சுற்றுலா வேன் ஓட்டுநர். அவர் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். சப்வூஃபர் கருகினால் முதலாளி அதில்தான் பிடித்துக்கொள்வார். "ராத்திரி பூரா பாட்டுப் போட்டா காந்தம் சுடுதேடா, கெட்டுப்போகுமா? நீதானே படிக்கிறே, சொல்லு!" என்றார். எங்கள் வீட்டில் என் படிப்பை நம்பிக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

காந்தம் வெதுவெதுப்பாவது இயல்பே. ஆனால் உள்ளிருக்கும் செம்புச் சுருளின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடும், ஒலி தணியும். தணிந்ததென்று மேலும் கூட்டினால் சுருள் கருகும்.

விளக்கினேன். அண்ணன் இப்போது நடுநடுவே பாட்டை நிறுத்தி ஆறவிடுகிறார். பாடநூலில் படித்த மின்தடை எங்கள் சோற்றுக்கும் காவலாயிற்று.