கண்ணில் கோளாறு இல்லை... கண்ணாடியில்தான்!

வேளாண்மை அலுவலர் என்பதால், எனக்கு வரும் போன்களில் பாதி இலையில் விழுந்த புள்ளியைப் பற்றித்தான் இருக்கும். போன வாரம் வந்த கேள்வி வேறு மாதிரி. சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போக, பழைய ‘குட்டியானை’ ஒன்றை வாங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டார்.

“சார், வண்டியோட முன்கண்ணாடியில உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படியுது. துடைக்கத் துடைக்க இழுசிக்கிட்டுத்தான் போகுது. ராத்திரி எதிர்ல லைட் அடிச்சா ஒண்ணுமே தெரியல. பயிருக்கெல்லாம் கரைசல் சொல்றீங்களே, இதுக்கும் ஒண்ணு சொல்லுங்க சார்.”

சிரித்துவிட்டேன். ஆனால், சிரித்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை இது. இதே பிசுக்கால் ஓர் உயிர் போயிருக்க வேண்டியது. வண்டியை ஓட்டியவன் நான்.

அது ஒரு தை மாதம். சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் வயலாய்வு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். மாலை ஆறரை மணி. டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை... அறுவடைக் காலத்தில் பாதிச் சாலை களமாகிவிடும். காயப்போட்ட நெல்லைச் சுற்றி வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். எதிரே ஒரு பேருந்து, விளக்கைத் தணிக்காமல் வந்தது. அவ்வளவுதான், என் கண்ணாடி முழுக்கப் பாலைக் கொட்டியதுபோல வெளுத்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் கல்லில் ஏறி, நெல்லுக்குள் இறங்கி நின்றது. பேருந்து கடந்த பிறகு பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி உறைந்துபோய் நிற்கிறார்.

“ஏம்பா, கண்ணு தெரியலையா?” என்றார். இறங்கிப் போனதும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “அட, நம்ம ஆபீசரய்யாவா? பாத்து வாங்கய்யா” என்று குரலைத் தணித்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்றிரவு தூங்கவில்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. என் அப்பாவுக்கு இந்த வயதில்தான் கண்ணில் புரை விழுந்தது. மறுநாளே கண் மருத்துவரிடம் போனேன். “புரை ஏதும் இல்லை. தூரப் பார்வை நன்றாக இருக்கிறது. படிக்கும்போது மட்டும் கண்ணாடி போட்டால் போதும்” என்று அனுப்பிவிட்டார்.

விடை சொன்னது, வாட்டர் வாஷ் கடைப் பையன். முன்கண்ணாடியின் உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்தான். கோடு பளிச்சென்று தெரிந்தது. “சார், வெளியில மட்டும் தொடச்சுக்கிட்டே இருக்கீங்க. உள்ள யாரு தொடைக்கிறது?” என்றான்.

எங்கிருந்து வருகிறது பிசுக்கு?

டேஷ்போர்டு, சீட் உறை போன்றவற்றில் இருக்கும் பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்க, எண்ணெய் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். வெயிலில் பூட்டிக்கிடக்கும் வண்டிக்குள் சூடேறும்போது, அவை ஆவியாகிக் கண்ணாடியில் படியும். இதைச் சோதிக்கவே வாகன நிறுவனங்களில் ‘ஃபாகிங்’ என்று தனிப் பரிசோதனை உண்டு. டேஷ்போர்டு பாலிஷ், பீடி-சிகரெட் புகை, நம் கைவிரல் எண்ணெய், தூசு எல்லாம் அதன்மேல் சேரும். பகலில் தெரியாது. இரவில் எதிர் விளக்கின் ஒளியை அந்தப் படலம் நாலாபக்கமும் சிதறடிக்கும். மழைக்காலத்தில் நீராவியும் அதில் சீக்கிரம் படியும்.

என் வண்டியில் இன்னொன்றும் இருந்தது. செயல்விளக்கத்துக்கான வேப்பெண்ணெய் கேன், பூச்சிக்கொல்லி மாதிரி பாட்டில்கள்... எல்லாம் வருடக்கணக்கில் பின்சீட்டில்தான் கிடந்தன. பக்கத்திலேயே என் சாப்பாட்டுப் பை. ‘மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள், உணவுப் பொருளோடு கொண்டுபோகாதீர்கள்’ என்று ஊர் ஊராகச் சொன்னவன் நான். கண்ணாடியில் படிந்த அதே காற்றைத்தான் என் நுரையீரலும் இழுத்திருக்கிறது. அன்றைக்கே அவற்றை இறக்கி, அலுவலகக் கிடங்கில் வைத்தேன்.

சுத்தம் செய்யும் முறை

இதுவும் நமக்குத் தெரிந்த பாடம்தான். வேப்பெண்ணெயை வெறும் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும். 10 லிட்டருக்கு 300 மில்லி எண்ணெய் கலந்து தெளிக்கும்போது, காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் பால்போல் கலக்கிறது. கண்ணாடிப் பிசுக்கும் எண்ணெய்தான். வெறும் ஈரத்துணியால் துடைத்தால், இங்கிருப்பது அங்கே நகரும். அதைத் தண்ணீரோடு கலந்து வெளியேற்ற சோப்பு வேண்டும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி சூடு தணிந்த பிறகு கதவுகளைத் திறந்து வையுங்கள். ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு போதும். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். கண்ணாடியில் நேராகத் தெளித்தால், வழிந்து டேஷ்போர்டு ஒயர்களுக்குள் இறங்கிவிடும். கீழ் மூலைக்குக் கை எட்டாது. அங்கே உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையால் துணியைத் தள்ளினால் எட்டும். அடுத்து, வேறு துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து இரண்டு முறை துடையுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே புதுப் படலமாகிவிடும். கடைசியாக, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியோ, நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துண்டோ கொண்டு துடையுங்கள்.

பிடிவாதமான பிசுக்குக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுத் துடைக்கலாம். பக்கத்தில் நெருப்பு கூடாது. ஜெல் சானிட்டைசர் வேண்டாம், அதுவே பிசுக்கு வைக்கும். மண்ணெண்ணெய், தின்னர் பக்கம் போகவே வேண்டாம். பாலிஷ் போட்ட துணியையும் கண்ணாடியில் வைக்காதீர்கள்.

ஒரு சின்ன உத்தி... உள்பக்கத்தை மேலிருந்து கீழாகவும், வெளிப்பக்கத்தை இடமிருந்து வலமாகவும் துடையுங்கள். கோடு தெரிந்தால், அது எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

மாதம் ஒரு தடவை செய்தால் போதும். கால் மணி நேர வேலை. சாலையில் நெல் காயப்போடும் சொந்தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொழுது சாயும் முன்பே குவித்துவிட்டு, அந்தக் கற்களையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். எதிரே வருபவர் கண்ணாடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் சாயங்காலம் வண்டி எடுக்கும் முன், செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியை ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். “ஏம்பா, கண்ணு தெரியலையா?” என்ற அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.