பத்தொன்பதில் இரண்டு

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் எங்கள் வீட்டில் செய்தித்தாள் என் கைக்குத்தான் முதலில் வரும். ஓய்வு பெற்று ஆண்டுகள் ஓடிவிட்டன; இன்னும் மாவட்ட வாரியான தேர்ச்சிப் பட்டியலை விரல் வைத்துப் படிக்கிறேன். 2023-இல் பெரம்பலூர் 97.67 சதவீதத்தோடு முதலிடம். மறு ஆண்டு அரியலூர், 97.31. இரண்டுமே பெரிய நகரம் இல்லாத சிறிய மாவட்டங்கள். மாநில சராசரி இரண்டு ஆண்டும் 91-ஐ ஒட்டித்தான். படித்தபோது மனசு குளிர்ந்தது. ஆனாலும் கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? சதவீதம் என்றாலே எத்தனை பேரில் என்று கேட்கத் தோன்றும்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. மானாவாரி பூமி; பருத்தி, மக்காச்சோளம். பத்தாவதோடு பள்ளி முடிந்துவிடும். பிளஸ் ஒன் படிக்க வேண்டுமானால் ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும், காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். பத்தாம் வகுப்பில் இருபது பேர் சேர்ந்தாலே அதிகம்.

ஒரு வருஷம் 19 பேர் எழுதி இருவர் தோற்றார்கள். 89.47 சதவீதம். அதே வருஷம் பக்கத்து நகரத்துப் பெரிய பள்ளியில் 212 பேர் எழுதி ஒன்பது பேர் தோற்றார்கள். 95.75. ஆய்வுக் கூட்டத்தில் அந்தத் தலைமை ஆசிரியர் உட்கார்ந்திருந்தார், எங்கள் தலைமை ஆசிரியர் எழுந்து நின்று விளக்கம் சொன்னார். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஜுரம் வந்தால் ஐந்து சதவீதம் இறங்கும். அங்கே பத்துப் பேர் படுத்தால்தான் அந்த அளவு இறங்கும். அடுத்த வருஷம் எங்கள் 21 பேரும் தேறினார்கள்; சால்வை போட்டார்கள். அதற்கடுத்த வருஷம் 24-இல் மூவர் போய் 87.5. இந்த மூன்று வருஷமும் அதே ஆசிரியர்கள், அதே பாடநூல், அதே ஊர். பாடம் நடத்தியதில் எதுவும் மாறவில்லை.

மாறுவது வேறொன்று உண்டு. பொது மாறுதல் கலந்தாய்வு. சொந்த ஊர்ப் பக்கம் போக எல்லோருக்கும் ஆசை இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் இல்லாத ஊரிலிருந்து போகிறவர்கள் அதிகம், விரும்பி வருகிறவர்கள் குறைவு. ஒரு ஜூனில் அறிவியல் ஆசிரியை மாறிப் போனார். அரையாண்டுத் தேர்வு வரை அந்த இடம் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் திரட்டி, ஊரிலேயே பி.எஸ்சி. படித்திருந்த ஒரு பெண்ணைப் போட்டோம். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்கள்தான் பத்தும் இருபதுமாகக் கொடுத்தார்கள். ஆய்வுக் கூட்டப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. எழுத வராதவன் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்று செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. எனக்கு எங்கள் பள்ளிப் பையன் ஒருவனின் முகம்தான் வந்தது.

2016-ஆம் வருஷத் தேர்வு அது. வகுப்பில் 23 பேர். அரையாண்டு முடிந்ததும் அவன் போர்வெல் வண்டியில் ஏறி ஆந்திரா போய்விட்டான். அப்பா இல்லை, அக்கா கல்யாணக் கடன். சக ஆசிரியர் ஒருவர், நல்ல மனுஷர்தான், என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “சார், அவன் வராமப் போனா ஆப்சென்ட். கூட்டிட்டு வந்து உட்கார வெச்சா ஃபெயில். எதுக்கு வம்பு?” கணக்குப்படி அவர் சொன்னது சரி. அவனை விட்டுவிட்டால் எங்களுக்கு நூறு சதவீதம்.

நான் அவன் அம்மாவிடம் போனேன். “சாரு, அவன் இப்பத்தான் நாலு காசு அனுப்புறான்,” என்றது அந்த அம்மா. இரண்டு மாசம் கொடுங்கள், பரீட்சை முடிந்ததும் போகட்டும் என்றேன். பிப்ரவரி நடுவில் வந்து சேர்ந்தான், கையெல்லாம் காப்பு காய்த்து.

கணக்கில் அப்போது வடிவியலுக்கு 10 மதிப்பெண், வரைபடத்துக்கு 10. கவராயமும் அளவுகோலும் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இருபது கையில். ஒரு மதிப்பெண் வினாக்களில் ஏழெட்டு. மீதியைக் கணங்களிலும் அணிகளிலும் தேற்றிவிடலாம். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் போடும் கணக்கு இதுதான், 35-ஐ எட்டிப் பிடிக்கிற கணக்கு. இது கல்வியா என்று கேட்பவர்கள், சாயங்காலம் ஆறு மணிக்குப் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சுண்டல் என் செலவு. அவன் தட்டு எப்போதும் முதலில் காலியாகும்.

கணக்கில் 29 வாங்கினான். மற்ற நான்கிலும் தேறிவிட்டான். 23-இல் 22, அதாவது 95.65. ஆய்வுக் கூட்டத்தில் ‘அந்த ஒருவனை ஏன் கவனிக்கவில்லை’ என்று கேட்டார்களாம். தலைமை ஆசிரியர் திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

துணைத் தேர்வுக்குப் பணத்தை நானே கட்டினேன். ஆந்திராவுக்குப் போகிறவனை, எழுதிவிட்டுப் போடா என்று பிடித்து வைத்தேன். 41 வாங்கினான். சான்றிதழில் தேர்ச்சி. பள்ளிக் கணக்கில் அது சேராது. அங்கே மார்ச் முடிவோடு கதை முடிந்தது. அந்தச் சான்றிதழைக் காட்டி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான். சேர்ந்த அன்று பள்ளிக்கு வந்து, எனக்கும் தலைமை ஆசிரியருக்கும், அந்தச் சக ஆசிரியருக்கும்கூட, ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனான்.