எவ்வளவு வைப்பது?

என் அப்பா ஒரு ஹோட்டலில் சப்ளையர். இதை நம் ஆண்டு மலரில் எழுதும் துணிவு வர எனக்குப் பத்தாம் வகுப்பு வரை ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், "அப்பா ஹோட்டல் வைத்திருக்கிறார்" என்று தோழிகளிடம் சொல்லிவிட்டேன். பிறகு திருத்திச் சொல்ல நா எழவில்லை.

இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பியதும் அப்பா சட்டைப் பையைப் பாயில் கவிழ்ப்பார். பத்து ரூபாய்த் தாள்களையும் காசுகளையும் அடுக்குவது என் வேலை. எங்கள் நோட்டுப் புத்தகச் செலவெல்லாம் அந்த டிப்ஸில்தான். இப்போது பலரும் கைப்பேசியிலேயே பில்லைக் கட்டிவிட்டு எழுந்து போவதால் அடுக்க அதிகம் இருப்பதில்லை.

சென்ற ஆகஸ்டில், அம்மாவின் பிறந்த நாளுக்காக வேறொரு ஹோட்டலுக்குப் போனோம். அப்பா மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். பாவம், அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. டம்ளர்களை வரிசையாக நகர்த்தினார். காலித் தட்டுகளைத் தாமே அடுக்கினார். "நீங்க பேசாம உட்காருங்க" என்று அம்மா அதட்டினார். தம்பி சாம்பாரைக் கொட்டினான். ஒரு பெரியவர் வந்து துடைத்தார். தம்பி மறுபடியும் கொட்டினான். அவர் மறுபடியும் துடைத்தார்.

பில் 380 ரூபாய். 5 சதவீத வரி 19 ரூபாய் சேர்த்து 399. அப்பா 500 ரூபாய் வைத்தார். மீதி 101 ரூபாய், ஓர் ஐம்பது, ஐந்து பத்து, ஒரு காசு என்று வந்தது.

"பாத்தியா? நூறு ரூபாயா கொண்டாந்தா அப்படியே பைக்குள்ள போயிரும். அதான் மாத்திக் கொண்டாந்திருக்காரு. நானும் அப்படித்தான் செய்வேன்" என்று அப்பா சிரித்தார். "நீயே சொல்லு பாப்பா, எவ்வளவு வைக்கலாம்?"

பத்து சதவீதம் என்றால் 38. நாற்பதாக வைக்கலாம் என்றேன். அதோடு விட்டேனா? ஹோட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டதையும், 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் ஒப்பித்தேன். "வைத்தே ஆக வேண்டும் என்றில்லை அப்பா."

"சரிதான். வைக்காதவங்க மேல எனக்குக் கோபம் வந்ததில்ல. காசைத் தூக்கிப் போட்டுட்டுப் போறவங்க மேலதான் வரும்."

முப்பது ரூபாயைத் தட்டில் வைத்தார். இருபதை எடுத்துக்கொண்டு மேசை துடைத்த பெரியவரைத் தேடிப் போனார். தட்டில் வைப்பது துடைப்பவருக்குப் போய்ச் சேராதாம். அப்பாவின் ஹோட்டலில் அப்படித்தானாம். பெரியவர் வாங்கத் தயங்கினார்.

"வாங்கிக்குங்கண்ணே. நானும் ஹோட்டல்ல சப்ளையர்தான்."

அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. பக்கத்து மேசையில் என் வகுப்புத் தோழி தன் பெற்றோருடன் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் அப்பா திரும்பி, "வா பாப்பா" என்று கையை நீட்டினார். போய்ப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்து வகுப்புக்குப் போகும் வரிசையில் அவள் என் பின்னால் நின்றாள்.

"உங்கப்பா எந்த ஹோட்டல்ல வேலை பாக்கிறாரு?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி